கொல்லப்பட்டோரின் கணக்கு

போஸ்னியா முஸ்லிம்களின் துயரத்தைப் பேசும்போது, "இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர்" என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1992 முதல் 1995 வரை போர் நடந்த காலத்தில், எண்ணிப் பார்க்க வழியில்லாத நிலையில் எழுந்த மதிப்பீடு அது.

போருக்குப் பின் ஸராயேவோ நகரில் மிர்ஸாத் தோகாச்சா என்பவரின் தலைமையில் இயங்கிய ஆய்வு மையம், தொகையை விட்டுவிட்டுப் பெயர்களைத் தேடியது. இன்னார், இன்ன ஊர், இன்ன நாளில் மவ்த்தானார் என்று ஒவ்வொருவராகப் பதிந்தார்கள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட பெயர்கள் 97,207. ஹேக் நகர் போர்க்குற்ற நீதிமன்றத்தின் ஆய்வாளர்கள், பதிவில் விடுபட்டோரையும் கணித்து 2010-ல் சொன்னது 1,04,732. ஆக, பாதிதான்.

போஸ்னியாவிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. ஷஹீதுகளுக்குச் செய்யும் துரோகமாகப் பட்டது. அந்த வேதனை நமக்கும் புரிகிறது. ஆனால் சாட்சியம் ஓர் அமானிதமன்றோ? காழியின் முன் நிற்பவர் கண்டதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால், கண்டதும் சேர்ந்து போய்விடும். மேலும், கொல்லப்பட்ட பொதுமக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள் என்று அந்தப் பெயர்ப் பட்டியலே காட்டிற்று. 'இரு தரப்பிலும் சமமான இழப்புத்தான்' என்போருக்கு இரண்டு லட்சம் என்ற பேச்சு இப்படி ஒரு பதிலைத் தந்ததே இல்லை.

அதற்காக, கிடைத்த உடல்கள் மட்டுமே கணக்கு என்று வாதிப்போருக்கும் நாம் இடங்கொடுக்கலாகாது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்த செர்பியப் படையினர், சில மாதங்களில் அக்குழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்குக் கடத்தினர். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. உடல் கிடைக்காமற்போனது கொன்றவர்களின் வேலை; அதையே அவர்களுக்குச் சாதகமான ஆதாரமாக்குவது எந்த நியாயம்?

பொத்தோச்சாரி மையவாடியின் நினைவுக் கல்லில் 8,372 பெயர்கள் உள்ளன. உறவினரின் இரத்தத்தை எலும்புகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ ஏழாயிரம் பேர் இன்னார் என அறியப்பட்டுள்ளனர். சிலருக்குக் கிடைத்தது ஓரிரு எலும்புகளே. அவற்றை வைத்து ஜனாஸா தொழுவதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்யவேண்டியிருந்தது. அடக்கியபின் இன்னோர் எலும்பு கிடைத்து, கபுரை மறுபடி திறந்தவர்களும் உண்டு.