யார் செய்த பாவம்?

குழந்தை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், 1950களின் அமெரிக்காவில் பழி தாய்மீதுதான் விழுந்தது. பாசம் காட்டாத ‘குளிர்பதனப் பெட்டி அம்மா’ என்று பட்டம் வேறு. சிகாகோவின் உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலில், அத்தகைய ஆட்டிசக் குழந்தையை நாஜி வதைமுகாம் கைதியோடு ஒப்பிட்டார். அவரே டாக்கௌ, புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்தவர். வீடு முகாம் என்றால் பெற்றோர் யார்? குழந்தையை அவர்களிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றானது.

உளவியலாளர் எரிக் ஷோப்லரும் சிறுவனாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். சிகாகோவில் படித்த அவர், பெட்டல்ஹைமின் கருத்தை ஏற்கவில்லை. பெற்றோர் இங்கே போக்காடாக்கப்படுகிறார்கள் என்று 1971இல் எழுதினார். விவிலியத்தின் லேவியராகமத்தில், ஊராரின் பாவங்களைப் போக்காடு என்ற ஓர் ஆட்டின் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அதுபோலவே, காரணம் தெரியாத நிபுணர்கள் தங்கள் அறியாமையைத் தாயின் தலையில் ஏற்றினார்கள்.

நம்மூரிலும் முற்பிறவி வினை என்பார் ஒருவர், வளர்ப்பு சரியில்லை என்பார் இன்னொருவர். இருவரும் தேடுவது குற்றவாளியை. ஒருவர் அகப்பட்டால், தவறு செய்யாத நம் வீட்டுக்கு இது வராது என்று பார்ப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஷோப்லர் அந்தத் தேடலை விட்டுவிட்டு, கற்பிக்க உட்கார்ந்தார். ஆசிரியர் குழந்தையோடு வேலை செய்வதைப் பெற்றோர் ஒருவழிக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். வீட்டில் அவர்களே தொடர்ந்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டப் படங்களால் ஆன நாள் அட்டவணை. இடப்பக்கம் இருக்கும் வேலையை எடுத்துச் செய்து, வலப்பக்கக் கூடையில் போட்டால் முடிந்தது. பெற்றோரைத் துணைச் சிகிச்சையாளர்கள் என்று அழைத்தார் ஷோப்லர். அந்தப் பெற்றோரே சட்டமன்றத்தில் வாதாட, 1972இல் அவருடைய இந்த ‘டீச்’ திட்டம் மாநிலம் முழுவதற்குமானது.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என்று கேட்கிறார்கள். இருவருடையதும் இல்லை என்கிறார் இயேசு. கடவுளின் செயல் வெளிப்படவே இப்படி என்றும் சேர்க்கிறார். பழி நீங்குகிறது. ஆனால் அந்த மனிதனின் வாழ்வு இன்னொன்றுக்குச் சான்றாகிவிடுகிறது. சேப்பல் ஹில் வகுப்பறை குற்றவாளியைத் தேடாதது போலவே தெய்வ நோக்கத்தையும் தேடவில்லை. குழந்தை எவருக்கும் பாடமாக இருக்க வேண்டியதில்லை. அதே அதிகாரத்தில் பிறகு விசாரணைக்கு இழுக்கப்படும் பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்குகிறார்கள். பயத்தில் சொன்னதுதான், ஆனாலும் சீடர்களுக்குத் தோன்றாத யோசனை.

1993இல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர் தாமே பேசினார். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோர்களிடம் வாதிட்டார். நீங்கள் அழுவது நீங்கள் எதிர்பார்த்த, ஆனால் பிறக்காத வேறொரு குழந்தைக்காக என்றார். பாவம் யாருடையது என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. ஆட்டிசத்தோடு பிறப்பதைத் தண்டனையாக எண்ணிக் கேட்கும் கேள்வி அது; அவருடைய வாதத்தில் அதற்கு இடமே இல்லை.