தூண்கள் யாருடையவை?

திண்டுக்கல் பக்கம் எங்கள் வேடசந்தூரில் புது வீடு கட்டுகிறவர்கள் பலர் முகப்புக்கு இரண்டு உருண்டைத் தூண்களையாவது கேட்கிறார்கள். மேஸ்திரியிடம் அதற்கு அச்சு இருக்கிறது. கம்பி கட்டி, காங்கிரீட் ஊற்றி, தூணின் தலையில் இலைச்சுருள் வைத்து, பட்டி பார்த்து வெள்ளை அடித்தால் 'எலிவேஷன்' முடிந்தது. புகையிலையும் முருங்கையும் விளைகிற மண்ணில் கிரேக்கத் தூணுக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பாவிலும் அந்தத் தூண் இரவல்தான்.

ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் ஏதென்ஸின் பழங்கட்டடங்களை அளந்து வரைந்த நூலின் முதல் தொகுதி 1762இல் வந்தது. கிரேக்கக் கோயில் முகப்பின் மேல் மேற்குலகத்துக்குப் பெரும் ஆசை பிறந்தது. அமெரிக்காவில் ஜெஃபர்சன், மன்னர் இல்லாத குடியரசுக்கு ஒரு கண்ணியம் வேண்டி, வர்ஜீனியாவின் சட்டமன்றத்தை ரோமானியக் கோயில் ஒன்றின் சாயலில் கட்டச் செய்தார். அதே நாட்டில் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களும் தங்கள் மாளிகைக்கு அதே தூண்களை நிறுத்தினார்கள். 1834இல் லண்டன் நாடாளுமன்றம் எரிந்தபோது ஆங்கிலேயர்கள் கிரேக்கத்தை விட்டுவிட்டு, கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கோதிக் பாணிக்குப் போனார்கள். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அலங்கார வேலைகளை வரைந்த பியூஜின், ஆலைப்புகை சூழ்ந்த இங்கிலாந்தில் தொலைந்துபோன பக்தியை அந்த வளைவுகளில் தேடியவர். பழமையை மீட்கிறோம் என்று கிளம்பிய ஒவ்வொருவரும் தங்கள் காலத்தில் தங்களுக்குக் கிடைக்காத ஒன்றைத்தான் கட்டிப் பார்த்தார்கள்.

சென்னையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆளுநர் எட்வர்ட் கிளைவுக்காகக் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் கட்டிய விருந்து மண்டபம் 1802இல் முடிந்தது. உயர்ந்த படிகளும் சுற்றிலும் தூண்களுமாகக் கிரேக்கக் கோயில் போன்ற கட்டடம். பிளாசியில் பெற்ற வெற்றியையும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்தியதையும் கொண்டாட எழுந்தது அது. திண்டுக்கல் மலைக்கோட்டையை 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இழந்தவரும் அதே திப்புதான். அந்த வெற்றித் தூண்களில் எங்கள் சீமையின் கதையும் இருக்கிறது.

அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து ஆட்சி வேறு வேடம் தேடியது. ஆளுநர் நேப்பியர் பிரபு மதுரை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கச் செய்தார். இந்த நாட்டு மன்னர்களின் வாரிசாகத் தோன்ற விரும்பிய அரசுக்கு, உள்ளூர் வளைவுகளையும் குவிமாடங்களையும் கலந்து சிசம் என்ற கட்டடக் கலைஞர் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை எழுப்பினார்.

கிளைவின் விருந்து மண்டபம் பின்னாளில் ராஜாஜி மண்டபம் ஆனது. 1969இல் அண்ணாவின் உடல் அங்கேதான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிறகு எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. நம்மை வென்றதைக் கொண்டாட வைத்த படிகளின் முன் தமிழ்நாடே வந்து அழுதது. அங்கே நின்ற யாருக்கும் கிளைவின் நினைவு வந்திருக்காது. கல்லுக்கு அர்த்தம் கொடுப்பவர்கள் அதைப் புழங்குகிறவர்கள்.

வேடசந்தூர்த் தூண்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். தூண் வைத்த முகப்பு ஒரு காலத்தில் துரை பங்களாவுக்கும் ஜமீன் மாளிகைக்கும் உரியது. மனு கொடுக்கப் போனவர்கள் படிக்குக் கீழேயே நின்றார்கள். அப்படி நின்றவர்களின் பேரன், நூற்பாலையில் ஷிப்டு பார்த்தும் வங்கிக் கடன் வாங்கியும் தன் வாசலில் இரண்டு தூண் நிறுத்துகிறான் என்றால் அது ரசனைக் குறைவு அல்ல. மறுக்கப்பட்ட மரியாதையைத் தன் கையால் எடுத்துக்கொள்வது.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. தூண் வந்த வீடுகளில் திண்ணை போய்விட்டது. அந்த இடத்தில் கிரில் கேட் நிற்கிறது. திண்ணையைப் புனிதமாக்கிப் பேசவும் மனம் வரவில்லை. வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்த அதே திண்ணையில் சாதியின் பேரால் உட்காரக்கூடாதவர்களும் இருந்தார்கள். ஆனால் பழையதை மீட்கிறவருக்கு, எதை எடுப்பது எதை விடுவது என்ற உரிமை உண்டு. அடுத்து வீடு கட்டப் போகிறவர்கள் தூணைத் தாராளமாக வையுங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு திண்ணையும் போடச் சொல்லுங்கள். வெயிலில் வருகிற யாரும், எந்தத் தெருக்காரரும், கேட்காமலே அதில் உட்காரட்டும்.