கணக்கில் வராத செலவு

சிக்கனம் நற்பண்பு. வரவறிந்து செலவிடும் இல்லத்தை நாம் போற்றுகிறோம். குடும்பத்துக்குப் பொருந்தும் இந்நெறி அரசுக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதனைச் சிக்கனம் என்பது? தன் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் கொட்டியவன் ஊரைத் தூய்மை செய்தான் என்போமா? செலவைக் குறைப்பது வேறு. செலவை அடுத்தவர் தலையில் ஏற்றுவது வேறு. பொதுத்துறை ஆட்குறைப்பைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1991ஆம் ஆண்டில் நம் நாடு புதிய பொருளாதாரக் கொள்கையை ஏற்றது. அதனால் வேலையிழப்போருக்கு மறுபயிற்சியும் மறுவேலையும் கிடைக்க உதவும் பொருட்டு, 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி தோற்றுவிக்கப்பட்டது. ஆனால் அந்நிதியின் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகை வழங்குவதிலேயே செலவாயிற்று. வெளியே அனுப்பும் வாயில் அகலமாகவும், மீண்டும் உழைப்புக்குள் நுழையும் வாயில் குறுகலாகவும் அமைந்தன. அன்று தொடங்கிய போக்கின் மிகப் பெரிய நிகழ்வுகளுள் ஒன்று 2020இல் நிகழ்ந்தது.

அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான பாரத் சஞ்சார் நிகமிலிருந்து அவ்வாண்டு சனவரி 31 அன்று, ஒரே நாளில், 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அந்நிறுவனத்து ஊழியருள் ஏறத்தாழ பாதிப்பேர் அவர்கள். ஐம்பது வயதை எட்டியவர்கள்.

அரசுத் தரப்பு நியாயத்தையும் நேர்மையோடு கேட்போம். நிறுவன வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊதியத்துக்கே சென்றுகொண்டிருந்தது. 2019–20இல் ஏறத்தாழ 15,500 கோடி ரூபாயாக இருந்த நட்டம், மறு ஆண்டில் 7,441 கோடியாகக் குறைந்தது. இதை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட இயலாது. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறான். அவனுடைய பணத்தை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை. தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், அலுவலகங்களில் கேட்ட கடுஞ்சொற்களையும் நம் மக்கள் மறந்துவிடவில்லை. அரசு வேலை என்பதாலேயே ஒரு வேலை புனிதமாகிவிடாது.

எனினும் அந்தச் சேமிப்பின் விலை என்ன? அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரண்டிலும் ஓய்வு பெறுவோருக்கான கருணைத்தொகைக்கு மட்டும் 17,169 கோடி ரூபாய் வழங்க நடுவண் அரசு 2019இல் முடிவு செய்தது. ஓய்வூதியப் பொறுப்பையும் அரசே ஏற்றது. ஆகவே ஊதியம் என்னும் பத்தியிலிருந்து நீங்கிய தொகையில் ஒரு பங்கு, ஓய்வூதியம் என்னும் பத்தியில் போய் அமர்ந்துகொண்டது. நிறுவனத்தின் ஏடு இலேசான அளவுக்கு நாட்டின் ஏடு இலேசாகவில்லை.

மேலும், நோய்க்குக் காரணம் ஊதியச் சுமை மட்டுமன்று. தனியார் நிறுவனங்கள் 2016 அளவிலேயே நான்காம் தலைமுறைச் சேவையை நாடெங்கும் பரப்பத் தொடங்கிவிட்டன. பொதுத்துறை நிறுவனத்துக்கு அதற்குரிய அலைக்கற்றையை வழங்க 2019இல்தான் முடிவாயிற்று. ஏர் தராமல் உழவனை வயலுக்கு அனுப்பிவிட்டு, விளைச்சல் இல்லையென்று அவனையே குறை கூறுவது அறமாகுமா? பின்னர் 2022இல் 1.64 லட்சம் கோடி, 2023இல் 89,047 கோடி என மீட்புத் திட்டங்கள் வந்தன. அவற்றின் பின்னரே 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் 262 கோடி ரூபாய் ஆதாயம் காணப்பட்டது. ஆட்குறைப்பு மட்டுமே நிறுவனத்தை நிமிர்த்தியது என்று எவரும் சொல்ல இயலாது.

இவையெல்லாம் ஏட்டில் எழுதப்பட்ட எண்கள். ஏட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. முதலாவது, அனுபவத்தின் இழப்பு. எந்தத் தெருவில் புதைகம்பி எங்கே திரும்புகிறது, எந்த இணைப்பு மழைக்காலத்தில் பழுதாகும் என்பதை முப்பது ஆண்டு உழைத்தவர் அறிவார். அந்த அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதை மீண்டும் பெறப் பணமும் காலமும் வேண்டும்.

இரண்டாவது, ஆளைக் குறைத்தாலும் வேலை குறைவதில்லை. அது ஒப்பந்தக்காரர் கைக்கு மாறுகிறது. அவருக்கும் ஆதாயம் வேண்டுமாதலால், உழைப்பவருக்குச் சேரும் பங்கு சுருங்குகிறது. இதே நிறுவனத்தில் 2019இல் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். நோயும் முதுமையும் வரும்போது அத்தகையோரின் சுமை குடும்பத்தின் மீதோ, அரசு மருத்துவமனையின் மீதோதான் விழும்.

மூன்றாவது, கடைத்தெருவின் இழப்பு. மாதச் சம்பளம் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மளிகைக் கடைக்கும், தையற்காரருக்கும், பள்ளிக்கும், சீட்டுப் பிடிப்பவருக்கும் அது பாய்கிறது. ஊற்று சுருங்கினால் வாய்க்கால்களும் வற்றும். விற்பனை குறைந்தால் வரியும் குறையும்.

நான்காவது, வருங்காலத்தின் இழப்பு. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாதபோது, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தம்மை அறியாமலேயே வேலை இழக்கிறார். நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுகிறது. ஆனால் அரசுப் பதவி இருந்தால்தான் ஒதுக்கீடு. பதவி ஒப்பந்தமாக மாறும்போது ஒதுக்கீடும் ஓசையின்றி மறைந்துவிடுகிறது. தலைமுறையாக ஒடுக்கப்பட்டோர் ஏறிவந்த ஏணியின் படிகள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன.

‘அவர்களே விரும்பித்தானே விலகினார்கள்?’ என்று கேட்கலாம். கடும்புயலில் சரக்கைக் கடலில் எறியும் வணிகரைப் பற்றிப் புனித தோமா அக்குவினாஸ் ஆராய்கிறார். அந்நேரத்தில் அச்செயல் விருப்பத்தோடு செய்யப்படுவதே. ஆனால் புயல் இல்லையேல் எவரும் அதை விரும்பமாட்டார். 2019 பிப்ரவரி மாத ஊதியமே உரிய நாளில் வந்து சேராத நிறுவனத்தில், ஐம்பத்தைந்து வயது ஊழியர் கையெழுத்திட்ட விருப்பம் எத்தகையது? நல்ல தொகை பெற்று நிறைவோடு சென்றவர்களும் உண்டு. ஆயினும் கையெழுத்து இருப்பதால் மட்டும் அறக்கேள்வி தீர்ந்துவிடாது.

திருச்சபையின் சமூகப் போதனை இதனை இரக்கத்தின் பார்வையில் மட்டும் காணவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைக் குறித்து 1981இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை உழைக்கும் மனிதரே என்று நிறுவுகிறார். நேரடியாக வேலை தருபவர் மட்டுமன்றி, வேலையின் நிலைமைகளை வகுக்கும் அரசு முதலான அமைப்புகளும் பொறுப்பாளிகளே என்றும் கூறுகிறார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் வெளியிட்ட சுற்றுமடல், மனிதர் இழப்பதைப் பொருளாதார இழப்பிலிருந்து பிரித்து வைக்க இயலாது என உணர்த்துகிறது. எனவே மனிதரை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, இரக்கமற்ற கணக்கு என்பதற்கு முன்பே தவறான கணக்கு. கள்ளத் தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என நீதிமொழிகள் நூல் போதிக்கிறது. எளியோரின் இழப்பை ஏற்றாமல் இலாபத்தை மட்டும் நிறுக்கும் தராசும் கள்ளத் தராசுதான்.

ஆகவே ஆட்குறைப்பு எக்காலத்தும் பாவம் என நாம் சொல்லவில்லை. அதற்கு முன் சில வினாக்களுக்கு விடை வேண்டும் என்கிறோம். வேறு வழிகள் உண்மையாகவே முயலப்பட்டனவா? சேமிப்பு என்று சொல்லப்படும் தொகையை இறுதியில் யார் செலுத்துகிறார்? நிர்வாகத்தின் பிழைக்குக் கடைநிலை ஊழியர் தண்டனை பெறுகிறாரா? விலகியவர் மீண்டும் உழைக்க வழி உண்டா? இவற்றை அரசிடம் கேட்கும் கடமை குடிமக்களாகிய நமக்கு உண்டு. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் இறைமக்கள் சமூகமாகிய நாம், நம் நிறுவனங்களில் தற்காலிக ஊதியத்தில் உழைப்போரை நினைத்து இதே வினாக்களை நம்மிடமும் கேட்டுக்கொள்வது முறை.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்கிறார் நம் ஆண்டவர். பல தலைமுறையினரின் உழைப்பில் எழுந்த கோபுரத்தின் கற்களை அகற்ற முனைவோரும் அவ்வாறே முதலில் உட்கார்ந்து கணக்கிடட்டும். அக்கணக்கில் எல்லாருடைய பெயரும் இருக்கட்டும்.