ஒரே அரசர், இரண்டு ஏழு நாட்கள்

(பாகவத சப்தாகத்தின் முதல் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவு)

பாகவத சப்தாகம் என்று பத்திரிகை அடித்து ஏழு நாளுக்கு உங்களை அழைத்திருக்கிறோம். ஐந்து நாளில் முடித்தால் ஆகாதா, ஞாயிறு ஞாயிறாக வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். பரீட்சித்து மகாராஜாவுக்குக் கிடைத்தது ஏழே நாள். எட்டாம் நாள் அவருக்குக் கிடையாது. அதனால் நமக்கும் ஏழு.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அபிமன்யுவின் பிள்ளை, அர்ச்சுனனின் பேரன். வேட்டைக்குப் போன இடத்தில் பசியும் தாகமுமாகச் சமீக முனிவரின் ஆசிரமத்துக்கு வந்தார். முனிவர் பதில் பேசவில்லை. அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துக் கிடந்த பாம்பு ஒன்றை வில் நுனியால் தூக்கி முனிவர் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் சொல்லுங்கள்? முனிவரின் பிள்ளை சிருங்கி, “ஏழாம் நாள் நாகராஜன் தட்சகன் கடித்துச் சாவாய்” என்று சபித்துவிட்டான். சமீகரே பிள்ளையைக் கண்டித்தார். ஆனாலும் கொடுத்த சாபம் திரும்பவில்லை.

சாபச் செய்தி அரண்மனைக்கு வந்தது. அதற்குப் பிறகு அரசர் என்ன செய்தார்? இங்கேதான் மகாபாரதம் ஒரு வழியாகப் போகிறது, பாகவதம் வேறு வழியாகப் போகிறது.

முதலில் மகாபாரதத்தைப் பார்ப்போம். ஆதி பர்வத்தில் வருகிறது. அரசர் மந்திரிகளைக் கூட்டி ஆலோசித்தார். ஒற்றைத் தூணின் மேல் ஒரு மாளிகை எழுப்பச் சொன்னார். சுற்றிலும் காவல், மருந்துகள், வைத்தியர்கள், மந்திரம் அறிந்த அந்தணர்கள். காற்றுகூட அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. இன்னொன்றும் அங்கே சொல்லப்படுகிறது. அந்த மாளிகையில் இருந்தபடியே ராஜ்ய காரியங்களையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஏழு நாளில் சாகப்போகிறவர் ஃபைல் பார்த்திருக்கிறார், ஐயா!

விஷத்தை முறிக்கத் தெரிந்த காசியபர் என்ற அந்தணர் அரசரைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்தார். தட்சகன் வழியிலேயே அவரைச் சந்தித்தான். எவ்வளவு பொருள் வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டான். ஏழாம் நாள் மாலை. தவசிகள் வேடத்தில் பாம்புகள் பழக்கூடையோடு வந்தன. அரசர் எடுத்த பழத்தில் ஒரு சின்னப் புழு. சூரியன் மறையப் போகிறது, கண்டம் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு. “முனிவர் வாக்கு பொய்யாக வேண்டாம், இந்தப் புழுவே கடிக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டு அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் புழுதான் தட்சகன்.

இந்தப் பரீட்சித்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் வைத்தியரைத் தேடாமல் இருப்பார்களா? ஆனால் அந்த ஏழு நாளில் என்ன செய்தார் என்று கேட்டால், காவலுக்குள் உட்கார்ந்திருந்தார், வழக்கமான வேலையைப் பார்த்தார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது பாகவதத்துக்கு வாருங்கள். அதே அரசர், அதே சாபம், அதே ஏழு நாள். இங்கே அவர் செய்த முதல் காரியம் ராஜ்யத்தைப் பிள்ளையிடம் ஒப்படைத்தது. பிறகு கங்கைக்கரைக்குப் போய்த் தர்ப்பையைப் பரப்பி, உணவை விட்டு, வடக்கு நோக்கி உட்கார்ந்தார். நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று இன்றைக்கு வகுப்பு நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் இன்னும் எத்தனை வேலையைத் திணிக்கலாம் என்றுதான் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பரீட்சித்து முதலில் தலையிலிருந்த சுமையை இறக்கினார். நான் செய்யாவிட்டாலும் நடக்கும் வேலை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரச காரியத்தைப் பிள்ளை பார்ப்பான். தன் முடிவுக்குத் தயாராக வேண்டியவர் தாம் மட்டுமே.

அங்கே சுக முனிவர் வந்தார். இல்லறத்தார் வீட்டு வாசலில் ஒரு பசுவைக் கறக்கும் நேரத்துக்கு மேல் அவர் நின்றதில்லை என்று பாகவதமே சொல்கிறது. அப்படிப்பட்டவர் ஏழு நாள் உட்கார்ந்து பேசினார். காரணம், அரசர் கேட்ட கேள்வி. தட்சகனிடமிருந்து தப்ப வழி உண்டா என்று அவர் கேட்கவில்லை. சாகப்போகிற மனிதன் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டார். பாகவதத்தின் இரண்டாம் ஸ்கந்தத்திலிருந்து சுகர் சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான்.

அரசருக்குத் தைரியம் சொல்லும்போது சுகர் கட்வாங்க ராஜாவை நினைவுபடுத்துகிறார். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை. நம் கடிகாரக் கணக்கில் 48 நிமிடம். அதற்குள் எல்லாவற்றையும் விட்டு ஹரியைச் சரணடைந்தார். உனக்கு ஏழு நாள் இருக்கிறதே என்கிறார் சுகர். நாளைக்கு 60 நாழிகை என்றால் ஏழு நாளைக்கு 420. சுகர் பேச்சில் அவசரம் துளியும் இல்லை.

இரண்டு நூலிலும் ஏழாம் நாள் தட்சகன் வந்தான். இரண்டிலும் கடித்தான். ஒற்றைத் தூண் மாளிகை ஒரு நாழிகையைக்கூட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. கங்கைக்கரையில் உட்கார்ந்தவரோ, எனக்குத் தட்சகனிடம் பயமில்லை என்று சுகரிடமே சொல்லிவிட்டுத் தியானத்தில் அமர்ந்தார்.

“அவருக்கு நாள் தெரியும், எங்களுக்குத் தெரியாதே சுவாமி” என்பீர்கள். ஞாயிறு முதல் சனி வரை உள்ள இந்த ஏழில் ஒரு நாள்தானே யாருக்கும் என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். நாள் தெரியாதவனுக்குத்தான் அவசரம் கூடுதலாக இருக்க வேண்டும். நாமோ ரிட்டையர் ஆகட்டும், பெண் கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறோம். ஊரில் இருக்கும் அம்மாவோடு பத்து நிமிடம் பேசுவதும் அந்தப் ‘பிறகு’ பட்டியலில்தான் கிடக்கிறது. குடும்பத்தை விட்டுக் கங்கைக்கரைக்குப் போகச் சொல்லவில்லை. இன்று இரவு படுக்கும் முன், உங்கள் கையிலிருக்கும் வேலைகளில் ஒன்றைப் பிள்ளையிடமோ தம்பியிடமோ ஒப்படையுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நாளை மாலை ஆறரை மணிக்கு இரண்டாம் ஸ்கந்தம். ஆறரை என்று போட்டால் ஏழுக்குத்தான் ஆரம்பிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். நான்கு பேர் வந்திருந்தாலும் ஆறரைக்கே தொடங்குவோம். தயவுசெய்து முன்னதாக வந்து உட்காருங்கள்.