கூழாங்கல்லும் பகடையும்

மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் படுகையில் ஒரு கூழாங்கல் ஓயாமல் உருண்டுகொண்டே போவதில்லை. வெள்ளத்தில் எழுகிறது, கொஞ்ச தூரம் தாவுகிறது, விழுகிறது, பிறகு கிடக்கிறது. கிடக்கும் நேரத்தோடு பார்த்தால் ஓடும் நேரம் கணக்கிலேயே வராது. எந்தக் கல் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வெள்ளத்தில் பாலத்தைக் கடந்து எவ்வளவு கல் போகும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். தனிக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது கற்கூட்டத்தைப் பற்றி எப்படித் தெரிகிறது? அந்தத் தெரியாமை பார்ப்பவரின் அறிவுக்குறையா, அல்லது கல்லின் போக்கிலேயே எதுவும் முன்கூட்டித் தீர்மானமாகவில்லையா? உலகில் தற்செயல் என்று ஒன்று உண்டா என்ற பழைய தத்துவக் கேள்வி இந்த வழியாகத்தான் ஆற்றுப் பொறியியலுக்குள் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்து சேர்த்தவர் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் மூத்த மகன். 1904-ல் பெர்ன் நகரில் பிறந்து, 1926-ல் சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் பொறியியல் முடித்தார். ஜெர்மனியில் சில ஆண்டுகள் இரும்புக் கட்டுமான வேலை பார்த்துவிட்டு 1931-ல் சூரிக் திரும்பி, பேராசிரியர் ஓய்கன் மேயர்-பேட்டரின் நீரியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்தக் கூடத்தின் முன் அப்போதிருந்த பெரிய கேள்வி ஆல்ப்ஸ் ரைன் ஆறு. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் 1892-ல் செய்த ஒப்பந்தப்படி ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கியிருந்தார்கள். ஒரு வெட்டு 1900-லும் இன்னொன்று 1923-லும் திறந்தது. ஆனாலும் மலையிலிருந்து வந்த சரளை முழுவதும் ஆறு கலக்கும் ஏரிவரை போய்ச் சேரவில்லை. வழியில் தங்கிப் படுகையை உயர்த்தியது. 1927 செப்டம்பரில் லிக்டன்ஸ்டைனின் ஷான் அருகே கரை உடைந்து பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. இவ்வளவு சரளையைத் தள்ளிக்கொண்டு போக ஆற்றுக்கு எவ்வளவு சரிவு வேண்டும், எவ்வளவு அகலம் வேண்டும்? பொறியாளர்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கணக்கு மட்டுமே. தத்துவம் யாரும் கேட்கவில்லை.

ஹான்ஸ் ஆல்பர்ட் சோதனைக் கால்வாயில் அடையாளமிட்ட கற்களைப் போட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எது எங்கே கிடக்கிறது என்று பார்த்தார். ஒரே அளவுக் கல், ஒரே ஓட்டம், ஒரே தொடக்க இடம். ஆனாலும் கற்கள் கால்வாயின் நெடுகச் சிதறிக் கிடந்தன. முந்தைய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சிதறலை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கி, சராசரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இவர் சிதறலையே ஆய்வுப் பொருளாக்கினார். கல்லின் பயணம் தாவல்களும் ஓய்வுகளும் மாறிமாறி வரும் தொடர். தாவலின் நீளமும் ஓய்வின் நேரமும் நிகழ்தகவு விதிக்கு உட்பட்டவை. 1937-ல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பே படுகைக்கல் நகர்வை நிகழ்தகவுச் சிக்கலாக அறிவித்தது. அமெரிக்கா போன பிறகு, 1950-ல், அந்நாட்டு வேளாண்மைத் துறை வெளியிட்ட அறிக்கையில் கணக்கு முழு வடிவம் பெற்றது. அதன்படி ஒரு தாவலின் சராசரி நீளம் கல்லின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. 2 சென்டிமீட்டர் கல் ஒரு முறைக்குச் சுமார் 2 மீட்டர் போகிறது. கொந்தளிக்கும் நீரின் தூக்குவிசை ஒரு கணத்தில் கல்லின் எடையை மிஞ்சுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, அதுவே அந்தக் கல் எழுவதற்கான வாய்ப்பு.

இதன் கூர்மை எதிர்த்தரப்போடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 1936-ல் பெர்லினில் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர் தம் ஆய்வேட்டில், நீரின் இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டினால்தான் கல் நகரும் என்று காட்டும் வரைகோட்டைத் தந்தார். இன்றும் ஆற்றுப் பொறியியல் பாடப்புத்தகம் எதிலும் அது இருக்கும். ஹான்ஸ் ஆல்பர்ட் அந்த எல்லையையே கைவிட்டார். கொந்தளிப்பில் எல்லா அளவு விசைக்கும் ஏதோ ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே எந்த ஓட்டத்திலும் எங்கோ ஒரு கல் எழத்தான் செய்யும், வாய்ப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும். பின்னாளில் நெடுநேரம் காத்திருந்து அளந்த சோதனைகளில், எல்லைக்குக் கீழும் கற்கள் அரிதாக நகர்வது தெரியவந்தது. எல்லை என்று தோன்றியதில் ஒரு பங்கு, எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் பொறுத்தது.

இங்கே ஒரு சுவையான கதையைக் கட்டிவிடுவது எளிது: கடவுள் பகடை ஆடுவதில்லை என்றார் தந்தை, மகன் ஆற்றின் அடியில் பகடையைக் கண்டுபிடித்தான் என்று. 1926-ஆம் ஆண்டே இந்தக் கதைக்கு வாகாக அமைந்திருக்கிறது. அந்த ஜனவரியில் ஆறுகள் ஏன் வளைந்தோடுகின்றன என்பது பற்றித் தந்தை ஒரு கட்டுரை அளித்தார். தேநீரைக் கலக்கிவிட்டால் இலைத்தூள் கோப்பையின் ஓரத்துக்குப் போகாமல் நடு அடியில் வந்து குவிவதை அதில் எடுத்துக்காட்டினார். வளைவில் மேல்நீர் வெளிக்கரையை நோக்கிப் பாய, அடியில் உராய்வால் தளர்ந்த நீர் உட்கரை நோக்கித் திரும்புகிறது. வெளிக்கரை அரிபட, உட்கரையில் மணல் சேர்கிறது. தற்செயலுக்கு அதில் இடமே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில்தான் பகடை பற்றிய புகழ்பெற்ற வரி வருகிறது.

ஆனால் இந்தக் கதை நிற்காது. 1905-ல், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான அலைச்சலை நிகழ்தகவால் விளக்கியவர் அதே தந்தைதான். கணக்கில் பகடையைப் பயன்படுத்துவதை அவர் ஒருபோதும் எதிர்க்கவில்லை. அணுவுக்குள் நடப்பதற்குக் காரணமே கிடையாது, வாய்ப்புதான் முடிந்த முடிவு என்று சொல்லப்பட்டபோதுதான் மறுத்தார். துகளின் அலைச்சலுக்குப் பின்னால் மூலக்கூறுகளின் மோதல் இருக்கிறது. கூழாங்கல்லின் தாவலுக்குப் பின்னால் நீர்ச்சுழிகள் இருக்கின்றன. இரண்டிலும் காரணம் உண்டு, எண்ணி மாளாது என்பதே சிக்கல். மகனின் பகடையோடு தந்தைக்குச் சண்டை எதுவும் இல்லை.

தந்தை நம்பியது தத்துவஞானி ஸ்பினோசாவின் கடவுளை. 1929-ல் நியூயார்க்கின் ஒரு யூத மதகுரு தந்தியில் கேட்டபோது அப்படித்தான் பதில் அனுப்பினார். அந்தக் கடவுள் இயற்கையின் மாறாத ஒழுங்கே அன்றி, மனிதருக்குப் பரிசும் தண்டனையும் வழங்குபவர் அல்லர். 17-ஆம் நூற்றாண்டு ஆலந்தில் எழுதிய ஸ்பினோசாவுக்கும் கல் பிடித்த உதாரணம்தான். எறியப்பட்ட கல்லுக்கு நினைவு வந்தால், தன் விருப்பப்படியே பறப்பதாக அது எண்ணிக்கொள்ளும் என்று 1674-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். கூரையிலிருந்து ஒருவர் தலையில் விழுந்த கல் அவருடைய நூலில் வருகிறது: காற்று அடித்தது, அவர் அந்த வழியே வந்தார் என்று சொன்னாலும் சிலர் விடமாட்டார்கள், ஏன் அப்போது காற்று அடித்தது, ஏன் அவர் அப்போது வந்தார் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் கடவுளின் சித்தத்தில் அடைக்கலம் புகுவார்கள். அது அறியாமையின் அடைக்கலம் என்பது அவருடைய கண்டனம். தற்செயலையும் அவர் அதே கூண்டில்தான் நிறுத்தினார். ஒன்றைத் தற்செயல் என்பது நம் அறிவுக்குறையால் மட்டுமே. 1814-ல் கணிதவியலாளர் லப்லாஸ் இதையே கணித மொழியில் வைத்தார்: எல்லாத் துகள்களின் நிலையும் விசையும் அறிந்த ஒரு பேரறிவுக்கு எதிர்காலம் கண்முன் விரிந்து கிடக்கும், நிகழ்தகவு அந்தப் பேரறிவு இல்லாதவர்களுக்கு.

அறியாமைதான் தற்செயல் என்ற இந்தக் கொள்கைக்கு ஆற்றுப்படுகை ஒரு சங்கடத்தை வைக்கிறது. அறியாமை எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியும்? தெரியாத பல்லாயிரம் தாவல்களைக் கூட்டினால், சரிபார்க்கக்கூடிய ஒரு கணிப்பு கிடைக்கிறதே? கணிதவியலாளர் போய்ன்கரே 1908-ல் இதைத் தொட்டார். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்த வாடிக்கையாளர் எப்போது இறப்பார் என்று தெரியாது. ஆனாலும் லாபப் பங்கு கொடுக்கிறது. ஒரு மருத்துவர் வந்து ஒவ்வொருவரின் ஆயுளையும் சொல்லிவிட்டாலும் அந்தப் பங்கு பொய்யாகிவிடாது. அறியாமை நீங்கிய பிறகும் நிற்கும் ஒன்றை அறியாமை என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது.

லப்லாஸின் பேரறிவு ஆற்றை எப்படிக் கணக்கிடும் என்று பார்ப்பதும் பயன் தரும். நீரோட்டத்தின் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே நாவியரும் ஸ்டோக்ஸும் எழுதிவைத்தவை; அவற்றில் தற்செயல் துளியும் இல்லை. ஆனால் 2 மீட்டர் ஆழமும் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகமும் உள்ள ஓட்டத்தில், ஆழத்தின் அளவே உள்ள ஒரு கனசதுர நீரின் மிகச் சிறிய சுழிவரை கணக்கிட, 100 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு கணத்துக்கும் திரும்பத் திரும்ப. அதனால் நடைமுறை மாதிரிகள் சுழிகளைச் சராசரியாக்கி, விட்டுப்போனதற்குப் பதிலாக அனுபவ எண்களை வைக்கின்றன. பேரறிவுக்கு இந்தத் தடை இல்லை, உண்மைதான். ஆனால் எல்லாக் கற்களின் பாதையையும் அறிந்த பிறகும், படுகை உயருமா என்று கேட்டால் அதுவும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டியதும் அதே நிகழ்தகவு விதிதான் அதன் கையிலும் மிஞ்சும்.

அந்த விதிக்கு உலகில் என்ன ஆதாரம்? மறதி. ஹான்ஸ் ஆல்பர்ட்டின் மாதிரியில் ஒரு மணி நேரமாகக் கிடக்கும் கல்லும் இப்போதுதான் விழுந்த கல்லும் அடுத்த நிமிடத்தில் எழுவதற்கு ஒரே வாய்ப்பு உடையவை. கல்லின் கடந்தகாலம் அதன் எதிர்காலத்தில் தலையிடுவதில்லை. கொந்தளிப்பு பழைய சுழிகளின் தடயத்தை விரைவில் அழித்துவிடுகிறது. மிகச் சிறிய வேறுபாடு சிறிது நேரத்தில் பெரிதாகிவிடுகிறது. இது அறிபவரைப் பற்றிய செய்தி அன்று, நீரைப் பற்றிய செய்தி. ஸ்பினோசா சொன்ன காரணச் சங்கிலி எங்கும் அறுபடாமல் இருக்கலாம்; ஆனால் அந்தச் சங்கிலியே தன் தடயத்தை அழித்துக்கொண்டு போகுமானால், தற்செயல் என்ற பேச்சு வெறும் அறிவுக்குறையின் பேச்சு ஆகாது. நியதிக்கும் தற்செயலுக்கும் நடுவே போட்ட கோடு அதற்குக் கொடுத்த பாரத்தைத் தாங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மறதியும் முழுமையானது அன்று. அடையாளமிட்ட கற்களை உண்மையான ஆறுகளில் ஆண்டுக்கணக்கில் தேடிப் பார்த்தவர்கள், சில கற்கள் மாதிரி அனுமதிப்பதைவிட மிக நீண்ட காலம் கிடப்பதைக் கண்டார்கள். மேலே வேறு கற்கள் விழுந்து புதைந்துவிட்டால், படுகை அந்த ஆழம்வரை அரிக்கும்வரை அந்தக் கல்லுக்கு எழுச்சி இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தது என்பது இங்கே முக்கியமாகிவிடுகிறது. நீர்வரத்திலும் இதே கதை உண்டு. நைல் நதியில் அணைத்தேக்கம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்ட ஹெரால்ட் ஹர்ஸ்ட், நல்ல ஆண்டுகளும் பஞ்ச ஆண்டுகளும் பகடை அனுமதிப்பதைவிட நீளமாகக் கூட்டுச்சேர்ந்து வருவதை 1951-ல் காட்டினார். 1968-ல் மாண்டல்பிரோவும் வாலிஸும் அதற்கு ‘யோசேப்பு விளைவு’ என்று பெயரிட்டார்கள். விவிலியத்தில் யோசேப்பு முன்னறிவித்த ஏழு வளமான ஆண்டும் ஏழு பஞ்ச ஆண்டும் நினைவில் வைத்து. திடீரென வரும் பெருவெள்ளத்துக்கு வைத்த பெயர் ‘நோவா விளைவு’. வேதக் கதைகளில் இரண்டும் கடவுளின் ஏற்பாடு. நீரியலில் இரண்டும் புள்ளிவிவரத்தின் குணம்.

விளைவு வெறும் ஏட்டுச் சர்ச்சையோடு நிற்பதில்லை. 1953-ல் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தபோது, கடுமையான கால்வினிய மரபைச் சேர்ந்த சிலர் அதைக் கடவுளின் தண்டனையாகவே எடுத்துக்கொண்டார்கள். அரசு அமைத்த டெல்டா குழு வேறு வழியில் போனது: நடு ஆலந்தின் கடலோரத் தடுப்புக்கரைகள் எந்த ஓர் ஆண்டிலும் 10,000-ல் ஒரு பங்கு வாய்ப்புள்ள நீர்மட்டத்தைத் தாங்க வேண்டும். ரைன் ஆற்றின் கரைகளுக்குப் பின்னர் வைத்த அளவு 1,250-ல் ஒன்று. எஞ்சிய வாய்ப்பு இனி யாருடைய சித்தமும் அன்று. ஒரு சமூகம் கணக்கிட்டு ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தச் சட்டங்களில் தெய்வச் செயல் என்று எழுதிப் பொறுப்பைக் கழிக்கும் இடம் இதனால் சுருங்குகிறது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று நினைத்து ஆற்றோரம் வீடு கட்டுபவருக்கு, 30 ஆண்டுகளில் அது வந்துவிட 26 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த எண் வெளியில் தெரிந்த பிறகு தற்செயலைக் குற்றம் சொல்வதும் கடினம்.

இன்றைய வெள்ள மாதிரிகள் நியதிச் சமன்பாட்டையே தொடக்கத்தைச் சற்று மாற்றிமாற்றிப் பலமுறை ஓட்டி, விடைகளின் பரவலைத் தருகின்றன. அந்தப் பரவலில் இயற்கையின் பங்கு எது, அறியாமையின் பங்கு எது என்று பொறியாளர்கள் பிரித்தும் எழுதுகிறார்கள். முதலாவது எவ்வளவு அளந்தாலும் குறையாது, இரண்டாவது குறையும். ஹான்ஸ் ஆல்பர்ட் 1947 முதல் பணியாற்றிய பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கட்டமைப்புப் பொறியாளர் டெர் கியூரேகியானும் அவருடைய டேனிஷ் சகா டிட்லெவ்சனும் 2009-ல் இந்தப் பிரிவினையை ஆராய்ந்தார்கள். எது எந்தப் பக்கம் விழும் என்பது மாதிரியை அமைப்பவர் எதை மாறியாக எடுத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தது என்றும், மாதிரிக்கு வெளியே அந்தக் கோட்டுக்குப் பொருள் இல்லை என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அப்படியானால் சுழிகளைக் கணக்கிடும் மாதிரியில் அறியாமையாக இருக்கும் ஒரு கல்லின் தாவல், சுழிகளைச் சராசரியாக்கும் மாதிரியில் தற்செயலாக இருக்கும். படுகையில் கிடக்கும் கல் இரண்டிலும் ஒன்றுதான்.