தாய் வெளியேறும் வீடு

வறுமையினால் ஒரு குடும்பம் சிதறுவது உலக வழக்கமாதலால் அது நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆனால் சகல சம்பத்தும் நிறைந்திருக்கும் வேளையில், எவ்விதக் கலகமும் இன்றி, தாயே வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் புறப்படுவாளாயின் அதை என்னவென்று சொல்வது? பொன்முடி மலையின் அடிவாரத்தில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த வித்துராவில் தேனீ வளர்க்கத் தொடங்கிய பின்னரே இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

இப்பிரதேசத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கின்ற ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே தேன்காலம். அத்தேனுக்கு ஆதாரம் மலரன்று. இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்திலுள்ள சுரப்பிகளே. தேன்காலத்திற்கு முந்திய மாதங்களில் தேனீக் குடிகள் பல்கிப் பெருகும். அப்படிப்பட்ட ஒரு முற்பகலில், இருந்தவற்றுள் மிகச் செழிப்பான பெட்டியிலிருந்து ஈக்கள் பேரிரைச்சலுடன் கிளம்பிப் பக்கத்துப் பலாமரக் கிளையில் கொத்தாய்த் தொங்கின. எறும்போ பசியோ விரட்டியிருக்குமென்று பெட்டியைத் திறந்தால், அடைகளில் தேனுக்கும் மகரந்தத்திற்கும் குறைவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஆண்டுதோறும் பெட்டிகளைக் கொணர்ந்து இத்தோட்டங்களில் வைக்கும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தள்ளையாக்கும் போனது, மக்ளே, பிள்ளை பெட்டிக்குள்ளதான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது மெய். அடையின் அடிவிளிம்பில் புதிய ராணிகள் வளரும் ராணி அறைகள் கட்டப்பட்டு, அவை மூடப்படும் தறுவாயில், பழைய ராணி வேலைக்கார ஈக்களில் பெரும்பகுதியுடன் வெளியேறுகிறது. உடன் செல்பவை வயிறு நிறையத் தேனை உண்டுகொண்டே செல்கின்றன. ஆனால் செல்லும் இடம் இன்னதென்று அப்போது அவற்றுக்குத் தெரியாது. 1949ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் மார்ட்டின் லிண்டாவர், இத்தகைய கொத்தொன்றின் மீது புகைக்கரியும் செங்கல் தூளும் படிந்த உடலுடன் ஆடிய ஈக்களைக் கண்டு, அவை இரை தேடியவை அல்ல, குடியேறத்தக்க பொந்து தேடித் திரும்பியவை என்று உணர்ந்தார். தாம் கண்ட இடத்தை ஒவ்வொன்றும் ஆடி அறிவிக்க, ஒன்றில் பெரும்பாலும் இசைந்த பிறகே கூட்டம் மறுபடி பறக்கிறது.

ஈக்களுக்குத் தியாகம் என்னும் எண்ணம் உண்டென்று நான் வாதிடப் போவதில்லை. ஆயினும் இவ்வேற்பாட்டிலுள்ள விவேகத்தைக் கவனியாதிருக்க இயலவில்லை. இளைய ராணி இனிமேல்தான் பறந்து சென்று ஆண் ஈக்களுடன் கூடித் திரும்ப வேண்டும். அதன் திறமை இன்னும் சோதிக்கப்படாதது. ஆகவே கட்டி முடித்த வீடு அதற்கு. பழையதோ முட்டையிட்டுத் தேர்ந்தது; வெறும் பொந்தையும் அது குடும்பமாக்கிவிடும். நம் வீடுகளிலோ அனுபவமற்ற பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, அனுபவமுள்ள நாம் சாவிக்கொத்துடன் திண்ணையில் அமர்கிறோம். நம் முன்னோர் வகுத்த வானப்பிரஸ்தமும் துறவை நோக்கிய பயணமேயன்றி, மறுபடி தொடங்குவதற்கானதன்று.

பிரிவுக்கும் ஓர் அளவுண்டு. முதல் கூட்டத்தின் பின் அடுத்தடுத்துப் பிறக்கும் ராணிகளும் கூட்டம் கூட்டமாய்ப் பிரிந்தால் மூலக்குடி நலிந்துவிடும். ஆதலால் நல்லதோர் ராணி அறையை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவது தொழிலறிந்தோர் முறை. அதே சமயம், 1991-92இல் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் பரவிக் கேரளத்துப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கியபோது, பிழைத்திருந்த குடிகளைப் பிரித்துப் பெருக்கியே இத்தொழில் மீண்டது. பிரிதல் அழிவுக்கும் உயிர்ப்புக்கும் பொதுவானது. காலமும் அளவுமே பேதத்தை உண்டாக்குகின்றன.

பலாக்கிளையில் தொங்கிய கொத்தைப் பெரியவரின் துணையுடன் ஒரு புதுப் பெட்டியில் இறக்கினோம். வளர்ப்பவன் செய்யக்கூடியது அவ்வளவே. செய்ய வேண்டியதும் அதுவே. மூத்தோர் இடம் விட்டு நகர வேண்டுமென்று உபதேசிப்பது எளிது. நகர்ந்தவர்க்கு மரியாதையுடன் ஒரு மூலையை ஒதுக்குவதோடு நில்லாமல், மறுபடி தொடங்கத்தக்க ஒரு வேலையையும் ஒரு வெளியையும் கொடுக்கின்ற குடும்பத்தில்தான், சாவிக்கொத்து தக்க காலத்தில் கைமாறும்.