‘முடிந்தது’ என்னும் சொல்

கல்வியாண்டு பிறக்கும் ஜூன் திங்களில் நம் ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுத் திட்டம் வரையத் தொடங்குகின்றனர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பொது அறிவியல் போதிப்பவர், அளவீடுகள் இத்தனை நாள், விசையும் இயக்கமும் இத்தனை நாள், நுண்ணுயிர்கள் இத்தனை நாள் என்று கட்டம் போட்டு எழுதுகிறார். ஏப்ரலில் அந்தக் கட்டங்களுக்கு எதிரே ‘முடிந்தது’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். அலுவல் வழக்கப்படி இது ஒரு குறிப்பு. அறத்தின்படி இது ஒரு சாட்சியம். அப்படியாயின், எது முடிந்ததென்று ஆசிரியர் சாட்சி சொல்கிறார்? தாம் பேசி முடித்ததையா, பிள்ளைகள் விளங்கி முடித்ததையா? இவ்வினாவையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் காண்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 220 வேலை நாள்களையும் 1000 போதனை மணிகளையும் குறைந்த அளவாக வகுத்துள்ளது. அதன் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை எண்ணிச் சொல்கிறது. குறித்த காலத்திற்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, வேண்டுமாயின் கூடுதலாகவும் போதிக்க வேண்டும் என்பது அதனை அடுத்து வருவது. முதற்கடமை ஆசிரியரை முன்னே தள்ளுகிறது. அடுத்ததோ அவரை நில்லென்று நிறுத்துகிறது. ஆண்டுத் திட்டம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே செய்யப்படும் பங்கீடு என்பதை மறுப்பதற்கில்லை.

பங்கிட வேண்டிய பொருளின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு அறிவியலுக்கு ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் 220 பாடவேளைகள் கிடைக்கும். தேர்வு, விழா, விளையாட்டு என நாற்பதைக் கழித்தால் எஞ்சுவது 180. பாடவேளைக்கு நாற்பது நிமிடம் என்றால் 7200 நிமிடங்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பின், ஆசிரியர் வாயே திறவாது எல்லா நேரத்தையும் அவர்களுக்கே பகிர்ந்தளித்தாலும், ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுமைக்கும் கிடைப்பது 180 நிமிடங்கள். அதாவது மூன்றே மணி நேரம்! இந்த நேரம் ஆசிரியருக்குச் சொந்தமானதன்று. பிள்ளைகள் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதப் பொருளைச் செலவிடுபவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவராவார்.

திருச்சியின் தில்லை நகரில் மாலைப் பொழுதில் குறுக்குத் தெருக்கள் வழியே நடந்து செல்பவர், மருத்துவமனைப் பலகைகளுக்கு இணையாகத் தனிப்பயிற்சி நிலையப் பலகைகளையும் காண்பார். பகலில் வகுப்பில் விரைந்து கடந்த பாடம், மாலையில் கட்டணத்துக்கு மீண்டும் நடத்தப்படுகிறது. கட்டணம் செலுத்த இயன்ற பெற்றோரின் பிள்ளைக்கு வகுப்பறையின் வேகம் பெருங்கேடு செய்வதில்லை. கூலி வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கோ அந்த நாற்பது நிமிடங்களைத் தவிர வேறு நாதியில்லை. அப்பிள்ளைக்குப் பாடம் பதிவேட்டில் மட்டுமே முடிகிறது. ஆகவே வேகம் என்பது வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. நீதி பற்றிய செய்தியுமாகும்.

இதற்கு மறுமொழி உண்டு. அதனையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். ‘ஒருவன் விளங்கும்வரை அனைவரும் காத்திருப்பதா? ஏழாம் வகுப்பில் விட்ட பாடம் எட்டாம் வகுப்பில் பள்ளமாய் நிற்காதா? பள்ளி மாறிச் செல்லும் பிள்ளை என்ன செய்யும்?’ என்று அனுபவமிக்க ஆசிரியர்கள் கேட்கின்றனர். இக்கேள்விகளில் நியாயம் உண்டு. மெல்லச் செல்கிறோம் என்ற பெயரில் சோம்பலுக்குப் போர்வை போர்த்துவோரும் உளர். பாடத்தை முடிக்காது விடுவதும் ஒரு வகையில் அமானித மோசடியே.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1377-இல் தமது ‘முகத்திமா’வை எழுதி முடித்த இப்னு கல்தூன், கல்வியைப் படிப்படியாகவே புகட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரு கலையை முதலில் சுருக்கமாகவும், அடுத்து விளக்கமாகவும், மூன்றாவதாக ஐயம் எதுவும் எஞ்சாதவாறும் கற்பிக்க வேண்டும் என்றார். தொடக்கத்திலேயே கடினமானவற்றைத் திணித்தால் மாணாக்கன் கல்வியையே வெறுத்து ஒதுங்குவான் என்றும், பாடங்களுக்கிடையே நெடிய இடைவெளி விட்டால் மறதி நேரும் என்றும் எச்சரித்தார். இதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. ஒரே முறையில் முழுவதும் விளங்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வருவதற்கு இடம் வைக்கிறார். முன்னேறுதலும் நிற்றலும் ஒன்றையொன்று வெட்ட வேண்டியதில்லை என்பது இதனால் புலனாகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு நடைமுறைச் சான்று இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி முதலிய அமைப்புகளின் முயற்சியால் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாங்களே சோதனை செய்து, கண்டதைத் தாங்களே எழுதினர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினர். 1978-இல் அது மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 2002-இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளிலேயே அது நடைபெற்றது என்பதே நமக்கு வேண்டிய பாடம். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழுவும் 1993-இல், புத்தகப் பையின் எடையைவிட, விளங்காத பாடமே பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை என்னும் கருத்தை வெளியிட்டது. தமிழகத்தில் 2012-இல் முப்பருவ முறை வந்தபோது பையின் எடை குறைந்தது. விளங்காமையின் எடையைக் குறைக்கும் பொறுப்போ ஆசிரியரின் திட்ட ஏட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த ஏட்டை எவ்வாறு எழுதுவது? முதலாவதாக, பாடங்கள் அனைத்தையும் சம எடையில் வைத்தல் கூடாது. அளத்தல், உற்று நோக்கல், காரணம் காணல் ஆகியவை வேர்கள். அவற்றுக்கு நாள்கள் தாராளமாக வேண்டும். வகைகளின் பெயர்களும் பட்டியல்களும் இலைகள். அவற்றை விரைந்து கடக்கலாம். இரண்டாவதாக, 180 பாடவேளைகளையும் நிரப்பி எழுதாது, பருவத்துக்குப் பத்தையேனும் வெறுமையாக விட வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்காகத் திரும்பி வருவதற்குரிய இடம் அதுவே.

மூன்றாவதாக, ஊரும் வானமும் நடத்தும் பாடங்களுக்குத் திட்டத்தில் இடம் தர வேண்டும். திருச்சியில் ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நாள், நண்பகல் பன்னிரண்டேகால் மணியளவில், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கோலின் நிழல் அந்நேரம் மறைந்துபோகும். ஏன் பன்னிரண்டு மணிக்கன்று? இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. திருச்சியோ அதற்கு ஏறத்தாழ நான்கு பாகை மேற்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. லுஹருடைய நேரம் உச்சி சாய்ந்ததும் தொடங்குவதைக் கோலின் நிழல் கொண்டு கணித்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் அவர்கள் சொன்னார்கள் என்பதற்காகப் பிள்ளை நம்ப வேண்டியதில்லை. ஒரு கோலும் ஒரு முற்றமும் போதும். அவ்வாறே, தில்லை நகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் நீரையும் குடிநீரையும் இரு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து ஒப்பிட்டால், நீர் மாசு பற்றிய பாடம் பிள்ளைகளின் கண்ணெதிரே நிற்கும்.

நான்காவதாக, பதிவேட்டில் ‘நடத்தியது’ என்றொரு கட்டமும் ‘நின்றது’ என்றொரு கட்டமும் வேண்டும். முதற்கட்டத்தை ஆசிரியர் தம் செயலைக் கொண்டு நிரப்பலாம். இரண்டாவதைப் பிள்ளைகளைக் கேட்டே நிரப்ப இயலும். நாற்பதில் முப்பது பேரிடம் நின்றது, பத்துப் பேரிடம் நிற்கவில்லை என்று எழுதும் ஆசிரியர் தோற்றவர் ஆகார். உண்மைச் சாட்சி சொன்னவர் ஆவார். அந்தப் பத்துப் பேருக்காகவே வெறுமையாக விட்ட நாள்கள் காத்திருக்கின்றன. மேலதிகாரிகளும் இதனைக் குறையாகக் கருதாது, கணக்காகக் கருதுதல் வேண்டும். உண்மை எழுதுபவரைத் தண்டிக்கும் அலுவலகம் பொய்யை வளர்க்கும்.

அறிவியல் என்பதே, கண்டதைக் கண்டவாறு எழுதும் ஒழுக்கம். சோதனையில் காணாததைக் கண்டதாக எழுதாதே என்று பிள்ளைக்குப் போதிப்பவர், வகுப்பில் நிகழாததை நிகழ்ந்ததாகத் தம் ஏட்டில் எழுதுதல் தகுமா? பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் ஏட்டையே உற்றுப் பார்க்கின்றனர். ‘முடிந்தது’ என்று எழுதுமுன், வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். அவன் தரும் விடையே நம் கையொப்பத்துக்கு உரிய சாட்சி.